பழைய வால்வு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்: மீட்பதா, மெருகேற்றுவதா, மாற்றிக் கட்டுவதா?

1950களின் பிற்பகுதியிலோ 1960களிலோ வந்த ஒரு வால்வு (வெற்றிடக் குழாய்) ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரின் ஒலியை மேம்படுத்த என்ன செய்யலாம் என்று கேட்டால் பதில்கள் வந்து குவியும். கப்ளிங் கெப்பாசிட்டரை (டிசியைத் தடுத்து, சிக்னலை மட்டும் அடுத்த கட்டத்துக்கு விடுவது) மாற்று, ஃபீட்பேக்கை (வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்புவது) குறை, அவுட்புட் வால்வை டிரையோடாக (மூன்று முனை வால்வாக) இணை, வால்வு ரெக்டிஃபையரை (ஏசியை டிசியாக்குவது) கழற்றிச் சிலிக்கான் டயோடு போடு, டிரைவர் போர்டையே (அவுட்புட் வால்வுகளை இயக்கும் முன்கட்டப் பலகை) புதிதாக வை. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆம்ப்ளிஃபையரில், ஏதோ ஒரு நிலையில் சரியான பதில்தான். ஆனால் எந்த நிலையில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு எது என்று பிரித்துப் பார்க்காமல் செய்தால், நல்ல வடிவமைப்பு ஒன்று கெட்டுப்போய், காரணம் தெரியாமல் ஹம் (தாழ்ந்த ரீங்காரம்) அடித்துக்கொண்டு கிடக்கும்.

வழிகள் மூன்று. அசல் சர்க்யூட்டைத் தொடாமல், வயதான பாகங்களை மட்டும் மாற்றி, வடிவமைத்தவர் நினைத்த நிலைக்குக் கொண்டுவருவது ஒன்று. அதன் மேல், எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துவிடக்கூடிய சிறு திருத்தங்களைச் செய்வது இரண்டாவது. சர்க்யூட்டையே மாற்றுவது மூன்றாவது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்களுக்கு முதல் வழி முழுவதும், இரண்டாவதிலிருந்து பொறுக்கியெடுத்த சில வேலைகளும் போதும். மூன்றாவது வழிக்குக் காரணம் உள்ளவை குறைவு.

முடிவெடுக்கும் முன் அளக்க வேண்டியவை

சேஸிஸுக்குள் (ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டம்) 300 முதல் 450 வோல்ட் வரை டிசி இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அது கெப்பாசிட்டரில் தங்கும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு நன்கு காப்பிட்ட இரண்டு வயர்கள் பொருத்தி, டிசியைச் சமப்படுத்தும் ஒவ்வொரு ஃபில்டர் கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனையையும் சில விநாடிகள் சேஸிஸோடு இணைத்து வடித்துவிடுங்கள். பிறகு மீட்டரில் சுழியம் காட்டுகிறதா என்று பார்த்த பின்பே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து.

பல ஆண்டுகள் சும்மா கிடந்த ஆம்ப்ளிஃபையரை நேராக மின்சாரத்தில் செருகக் கூடாது. 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றை மின் இணைப்பில் தொடராகப் போட்டு, முதலில் ரெக்டிஃபையரும் அவுட்புட் வால்வுகளும் இல்லாமல் போட்டுப் பாருங்கள். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் மின் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்திருக்கிறது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை சூடாகும்போது தடை கூடுவதுதான் இங்கே பாதுகாப்பே.

அடுத்து, இந்த முடிவையே தீர்மானிக்கும் அளவீடு: வால்வுகளை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். மின்சாரம் இல்லாத நிலையில், நடு முனையிலிருந்து இரண்டு ஆனோடுகளுக்கும் (அவுட்புட் வால்வுகளின் உயர் மின்னழுத்த முனைகள்) உள்ள தடையை அளக்கவும். ஒரு பக்கம் 150 ஓம், மறுபக்கம் 165 ஓம் என்பது போன்ற வித்தியாசம் சுற்றின் அடுக்கு காரணமாக இயல்பாகவே வரும். ஒரு பக்கம் திறந்திருந்தால், அதாவது மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால், சுற்று அறுந்துவிட்டது. இந்த ஆம்ப்ளிஃபையர்களின் மதிப்பில் பெரும்பங்கு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில்தான் இருக்கிறது. அது போனால் மற்ற ஒப்பீடுகளுக்கு அர்த்தமில்லை: மறுபடி சுற்றவைக்கும் செலவா, வேறு ஆம்ப்ளிஃபையரா என்பதே கேள்வி. இதனால்தான் ஸ்பீக்கரோ 8 ஓம் டம்மி லோடோ (ஸ்பீக்கருக்குப் பதிலான ரெசிஸ்டர்) இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபையரில் சிக்னல் கொடுக்கக் கூடாது என்பதும். சுமை இல்லாதபோது பிரைமரியில் (வால்வு பக்கச் சுற்று) எழும் உயர் மின்னழுத்தம் சுற்றின் காப்பைத் துளைத்துவிடும்.

முதல் வழி: அசல் நிலைக்கு மீட்பது

"ஒலி மேம்பட்டது" என்று சொல்லப்படும் மாற்றங்களில் பெரும்பகுதி உண்மையில் இந்த வேலையால் வருவது. ஐம்பது அறுபது ஆண்டுப் பாகங்களோடு ஓடும் ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளரின் ஆம்ப்ளிஃபையரே அல்ல. அதைக் கேட்டு அந்த வடிவமைப்பை எடைபோடுவது நியாயமில்லை.

முதல் குற்றவாளி கப்ளிங் கெப்பாசிட்டர். பழைய காகிதக் கெப்பாசிட்டர்கள் டிசியைக் கசியவிடும். கசிவு எவ்வளவு சிறியதாயினும் அவுட்புட் வால்வின் கிரிட்டில் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) 470 கிலோ ஓம் தடை இருப்பதால் 1 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே 0.47 வோல்ட் பாசிட்டிவ் ஏறிவிடும். இஎல்84 வால்வின் கடத்து திறன் (கிரிட் மின்னழுத்தம் மாறும்போது மின்னோட்டம் மாறும் அளவு) வோல்ட்டுக்குச் சுமார் 11 மில்லி ஆம்பியர். கேதோடு (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) ரெசிஸ்டர் வழி பயாஸ் (வால்வின் ஓய்வு மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்) செய்த ஆம்ப்ளிஃபையரில் அந்த ரெசிஸ்டரே ஓரளவு திருத்திக்கொள்வதால், 1 வோல்ட் கசிவுக்கு மின்னோட்டம் ஏறத்தாழ 3 மில்லி ஆம்பியர்தான் கூடும். தனிச் சப்ளையிலிருந்து நிலையான பயாஸ் கொண்ட சர்க்யூட்டில் அதே 1 வோல்ட் முழு 11 மில்லி ஆம்பியரையும் ஏற்றிவிடும், வால்வு சிவக்கும். கண்டுபிடிப்பது எளிது. அவுட்புட் வால்வைக் கழற்றிவிட்டு, கிரிட் முனையில் டிசி அளக்கவும். இஎல்84க்கு அது 2ஆம் பின், மற்ற அவுட்புட் வால்வுகளான இஎல்34, கேடி66 இரண்டுக்கும் 5ஆம் பின். கேதோடு பயாஸ் ஆம்ப்ளிஃபையரில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அந்தக் கெப்பாசிட்டர் போக வேண்டியதுதான். நிலையான பயாஸில் அங்கே நெகட்டிவ் பயாஸ் தெரியும். கெப்பாசிட்டரின் ஒரு முனையை விடுவித்தால் அந்த அளவு மாறுகிறதா என்று பாருங்கள்.

மாற்றுக்கு எது? பாலிப்ரோப்பிலீனா, பாலியெஸ்டரா, எண்ணெயில் ஊறிய காகிதமா என்ற விவாதம் முடிவில்லாதது. 630 வோல்ட் தாங்கும், கசியாத எந்த நல்ல ஃபிலிம் கெப்பாசிட்டரும் கசிந்த பழையதைவிட வெகு தூரம் மேல். ஃபிலிம் வகைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் அதோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது. ஆனால் அளவு முக்கியம், இரண்டு பொருளிலும். முதலாவது, மைக்ரோ ஃபாரட் மதிப்பை மாற்றாதீர்கள். 0.1 மைக்ரோ ஃபாரட்டும் 470 கிலோ ஓமும் சேர்ந்தால் கீழ்வெட்டு (அதற்குக் கீழே ஒலி குறையும் அலைவெண்) 3.4 ஹெர்ட்ஸ். "பாஸ் கூடட்டும்" என்று 0.47 போட்டால் அது 0.7 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். காதுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஃபீட்பேக் வளையத்துக்குள் கட்டத்துக்குக் கட்டம் விலக்கிவைத்த கீழ்வெட்டுகள் ஒன்றையொன்று நெருங்கி, ஸ்பீக்கர் கூம்பு மெதுவாக முன்னும் பின்னும் ஆடத் தொடங்கலாம். இரண்டாவது, உடலளவு. விலையுயர்ந்த சில கெப்பாசிட்டர்கள் கட்டைவிரல் பருமனில் வரும். அவை பக்கத்து ஹீட்டர் (வால்வைச் சூடேற்றும் இழை) வயரிலிருந்து ஹம்மைப் பிடிக்கும், ஒரு கட்டத்திலிருந்து மறுகட்டத்துக்கு சிக்னலைக் கடத்தி உயர் அலைவெண்ணில் அலைவையும் கிளப்பும். சிறியதாகப் பொருந்துவதே நல்லது.

ஃபில்டர் கெப்பாசிட்டரைத் திரும்ப உயிர்ப்பிப்பதா மாற்றுவதா என்றால், மாற்றுங்கள். தடை வழியாக மெல்ல மின்னழுத்தம் ஏற்றி உயிர்ப்பித்தவை சில காலம் ஓடும். ஆனால் அடுத்த கோடையில் எது கசிந்து சூடாகும் என்று யாராலும் சொல்ல முடியாது, அது போகும்போது ரெக்டிஃபையரையும் சில வேளை மின் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக்கொண்டு போகும். தோற்றம் முக்கியம் என்றால் பழைய அலுமினிய டப்பாவை இணைப்பறுத்து இடத்திலேயே விட்டு, 105 டிகிரி தாங்கும் புதியவற்றைச் சேஸிஸுக்கு அடியில் பொருத்தலாம்.

இங்கே ஒரு தூண்டிலில் பலர் மாட்டுவார்கள். புதியவை சிறியவையாக இருப்பதால், முதல் கெப்பாசிட்டரை 100 மைக்ரோ ஃபாரட்டாக்கிவிடலாமே என்று தோன்றும். வால்வு ரெக்டிஃபையருக்கு அடுத்து வரும் முதல் கெப்பாசிட்டருக்கு உச்சவரம்பு உண்டு: ஜிஇசட்34க்கு 60 மைக்ரோ ஃபாரட், இஇசட்81க்கு 50. அதைத் தாண்டினால் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் கெப்பாசிட்டரை நிரப்பப் பாயும் உச்ச மின்னோட்டம் ரெக்டிஃபையரின் கேதோடைப் பொரியவைக்கும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும். கூட்ட வேண்டுமென்றால் சோக்குக்கோ (ஹம்மை வடிகட்டும் கம்பிச்சுருள்) தொடர் ரெசிஸ்டருக்கோ அப்பால் உள்ள கட்டத்தில் கூட்டுங்கள். 20 மைக்ரோ ஃபாரட் இருந்த இடத்தில் 47 வைப்பது நல்ல அளவு.

பழைய கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு காலப்போக்கில் மேலே ஏறும். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றாக அளந்து, குறித்த மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகியதை எடுங்கள். ஃபேஸ் ஸ்ப்ளிட்டரின் (சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரிக்கும் கட்டம்) இரண்டு சுமை ரெசிஸ்டர்களில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஆனோடிலும் கேதோடிலும் சமமான ரெசிஸ்டர் வைக்கும் வகையில் இரண்டும் 1 சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும். இரண்டு வால்வுகள் ஒரே நீண்ட கேதோடு தடையைப் பகிரும் வகையில் இரண்டு மதிப்புகளும் வேண்டுமென்றே வேறாக இருக்கலாம். அதைப் பிழை என்று நினைத்துச் சமமாக்கிவிடாதீர்கள்.

செலினியம் ரெக்டிஃபையர் பயாஸ் சப்ளையில் இருந்தால் 1என்4007 டயோடு போடலாம். சிலிக்கானில் விழும் மின்னழுத்தம் குறைவு என்பதால் பயாஸ் சில வோல்ட் கூடுதல் நெகட்டிவாகும், வால்வின் மின்னோட்டம் குறைந்து, மெல்லிய ஒலியில் கரகரப்புக் கேட்கும். தொடரில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்துப் பழைய மதிப்புக்குக் கொண்டுவாருங்கள். மின் வயருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பழைய கெப்பாசிட்டர் எதுவும் இருந்தால் அகற்றுங்கள். தேவையென்றால் ஒய்2 வகைப் பாதுகாப்புக் கெப்பாசிட்டர் மட்டும். இரண்டு முனை வயரை மாற்றி மூன்று கம்பி வயரும் எர்த்தும் கொடுப்பதில் பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக ஹீட்டர் மின்னழுத்தம். பல இடங்களில் இன்றைய மின்சாரம் அன்றைய டிரான்ஸ்ஃபார்மர் எதிர்பார்த்ததைவிட உயர்ந்தது. 6.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 6.7, 6.9 என்று காட்டும். டிரான்ஸ்ஃபார்மரில் உயர்ந்த மின்னழுத்தத்துக்கான டேப் (சுற்றிலிருந்து எடுத்த இணைப்பு முனை) இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் கணக்கு எளிது: நான்கு இஎல்84 சேர்ந்து 3.04 ஆம்பியர், நான்கு சிறிய இசிசி83 வால்வுகள் சேர்ந்து 1.2, மொத்தம் 4.2 ஆம்பியர். 0.4 வோல்ட் குறைக்க 0.095 ஓம் வேண்டும். 0.047 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒவ்வொரு ஹீட்டர் கம்பியிலும் ஒன்று. இது ஹீட்டருக்கு மட்டும். உயர் மின்னழுத்தமும் எல்லையைத் தாண்டுகிறது என்றால், மின் வழங்கலையே 10, 15 வோல்ட் குறைக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மரை எதிர்த்திசையில் தொடராக இணைப்பதே சரி.

இரண்டாவது வழி: திரும்ப எடுக்கக்கூடிய திருத்தங்கள்

மீட்டெடுத்த ஆம்ப்ளிஃபையரைச் சில வாரங்கள் கேட்ட பிறகே இதில் இறங்குவது நல்லது. செலவுக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால், முதலிடம் யாரும் பேசாத ஒன்றுக்கு: இன்புட் அளவு. லீக் நிறுவனத்தின் ஸ்டீரியோ 20 ஆம்ப்ளிஃபையர் முழு ஒலிக்குக் கேட்பது 125 மில்லி வோல்ட். இன்றைய சிடி பிளேயரும் டிஏசியும் (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக்கும் கருவி) தருவது 2 வோல்ட், அதாவது 24 டெசிபெல் அதிகம். வால்யூம் குமிழ் எட்டு மணி நிலையைத் தாண்டுவதற்குள் வீடு அதிரும். கார்பன் வால்யூம் கன்ட்ரோலின் இரண்டு சேனல்களும் ஒத்துப்போகாத பகுதி சரியாக அந்த அடிமட்டம்தான். குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்வதற்கு இதுவே காரணம், ஆனால் பழி வால்வின் மேல் விழும். இன்புட் சாக்கெட்டில் 47 கிலோ ஓம் தொடராக, அதன் பின் 5.6 கிலோ ஓம் சேஸிஸுக்கு. 19.5 டெசிபெல் குறையும், 2 வோல்ட் சுமார் 0.21 வோல்ட்டாகும், இன்னும் கையிருப்பு இருக்கும். நான்கு ரெசிஸ்டர்கள், அரை மணி நேர வேலை. இதில் கிடைக்கும், எந்த ஒலி எங்கே நிற்கிறது என்ற மேடைத் தெளிவு விலையுயர்ந்த கெப்பாசிட்டர் எதிலும் கிடைக்காது. வால்யூம் இல்லாத பவர் ஆம்ப்ளிஃபையர் என்றால், இந்த இரண்டு ரெசிஸ்டர்களுக்கு முன்னால் 50 கிலோ ஓம் லாக் வகைக் கன்ட்ரோல் ஒன்றும் சேரும்.

அடுத்தது, அவுட்புட் வால்வுகளின் மின்னோட்டத்தைத் தனித்தனியாகப் பார்க்கும் வசதி. பல இஎல்84 ஆம்ப்ளிஃபையர்களில் ஒரு ஜோடிக்குச் சேர்த்து 130 ஓம் அளவில் ஒரே கேதோடு ரெசிஸ்டர் இருக்கும். ஒரு வால்வு 50 மில்லி ஆம்பியரும் மற்றது 30ம் இழுத்தாலும் வெளியே தெரியாது. அந்தச் சமமின்மை டிரான்ஸ்ஃபார்மர் இரும்பை ஒரு பக்கமாகக் காந்தமாக்கி, தாழ்ந்த ஒலியில் சிதைவைக் கூட்டும். பொது ரெசிஸ்டரை எடுத்து, வால்வுக்கு ஒன்றாக 270 ஓம், 3 வாட் ரெசிஸ்டரும் 220 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டரும் வையுங்கள். கெப்பாசிட்டர் கட்டாயம். பொது ரெசிஸ்டரில் இரண்டு வால்வுகளின் சிக்னலும் ஒன்றையொன்று பெரும்பாலும் ரத்துசெய்துகொள்ளும், பிரித்த பிறகு அது நடக்காது. இனி அளவீடு எளிது: 10.8 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர். அதில் ஸ்கிரீனுக்கு (வால்வின் இரண்டாவது கிரிட்) 4, 5 போக மீதி ஆனோடுக்கு. ஆனோடுக்கும் கேதோடுக்கும் நடுவே 300 வோல்ட் இருந்தால் சுமார் 10.7 வாட், இஎல்84இன் 12 வாட் எல்லைக்குள். இரண்டு கேதோடுகளுக்கும் 1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வேறு ஜோடி தேடுங்கள்.

1959இல் வந்த டைனாகோ எஸ்டி-70 போன்ற நிலையான பயாஸ் ஆம்ப்ளிஃபையரிலும் இதே சிக்கல் வேறு உருவில் உண்டு. சேனலுக்கு 15.6 ஓம் ரெசிஸ்டரில் 1.56 வோல்ட் வரும்படி வைக்கச் சொன்னார்கள். இரண்டு இஎல்34க்கும் சேர்த்து 100 மில்லி ஆம்பியர் என்று பொருள். ஒன்று எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று தெரியாது. கேதோடுக்கு ஒன்றாக 10 ஓம், 1 சதவீத ரெசிஸ்டரும் வால்வுக்கு ஒரு பயாஸ் கன்ட்ரோலும் கொடுத்தால், 0.40 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர் என்று நேராகப் படிக்கலாம். 415 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியர் 20.8 வாட், 40 என்றால் 16.6. வால்வின் எல்லை 25. 40இல் ஓடினால் ஒலியில் இழப்பு காதுக்கு எட்டாது, வால்வின் ஆயுளும் டிரான்ஸ்ஃபார்மரின் சூடும் கண்கூடாக மாறும். பயாஸ் கன்ட்ரோலின் நகரும் முனை தொடர்பறுந்தால் வால்வு கட்டுப்பாடின்றி ஓடும். அந்த முனையிலிருந்து பயாஸ் சப்ளையின் நெகட்டிவ் பக்கத்துக்கு 220 கிலோ ஓம் ஒன்று வைத்துவிட்டால், அறுந்தாலும் வால்வு அணையுமே தவிர எரியாது.

வால்வு ரெக்டிஃபையரைக் கழற்றாமலேயே சிலிக்கானின் பாதுகாப்பைப் பெற ஒரு வழி இருக்கிறது. அதன் ஒவ்வோர் ஆனோடுக்கும் போகும் வயரில் தொடராக 1என்4007 டயோடுகள், மின்னழுத்தம் தாங்க இரண்டிரண்டாக. ரெக்டிஃபையர் உள்ளே ஷார்ட் ஆனாலும் கெப்பாசிட்டருக்கு ஏசி போகாது. மெதுவாகச் சூடாகும் குணமும் விழும் மின்னழுத்தமும் அப்படியே இருக்கும். ஒலியில் மாற்றமில்லை, டிரான்ஸ்ஃபார்மருக்குக் காப்பீடு.

ஹம் மீதமிருந்தால் அதன் அலைவெண்ணை முதலில் கவனியுங்கள். மின்சாரத்தின் அதே அலைவெண் என்றால் ஹீட்டரோ எர்த் இணைப்போ. இரட்டிப்பு அலைவெண், கொஞ்சம் ரீங்காரமாக ஒலித்தால் ஃபில்டர். ஹீட்டர் ஹம்முக்கு நல்ல மருந்து, இரண்டு ஹீட்டர் கம்பிகளிலிருந்தும் 100 ஓம் வீதம் எடுத்து இணைத்து, அந்தப் புள்ளியை 30 வோல்ட் டிசியில் உட்காரவைப்பது. 330 வோல்ட் சப்ளையிலிருந்து 220 கிலோ ஓம், 22 கிலோ ஓம் பிரிப்பான் அதைத் தரும், குறுக்கே 47 மைக்ரோ ஃபாரட். ஹீட்டர் சுற்றின் நடு முனை ஏற்கெனவே சேஸிஸில் இருந்தால் அதை விடுவித்துவிட்டு, இந்த 30 வோல்ட்டை நேரே அதற்குக் கொடுங்கள்.

மூன்றாவது வழி: சர்க்யூட்டை மாற்றுவது

டிரையோடு இணைப்பு இந்த வகையில் மிகவும் கவர்ச்சியானது, ஏனெனில் ஒரு சுவிட்சில் முன்னும் பின்னும் போகலாம். அல்ட்ரா லீனியர் டேப்பிலிருந்து (ஸ்கிரீனுக்கென அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் இடையே எடுத்த முனை) ஸ்கிரீன் வயரை எடுத்து, 100 ஓம், 1 வாட் வழியாக ஆனோடில் இணைப்பதுதான் வேலை. விடுபட்ட டேப் வயரில் முழு உயர் மின்னழுத்தமும் அதன் மேல் சிக்னலும் இருக்கும், வெப்பச் சுருங்கு குழாயால் மூடுங்கள். சுவிட்ச் வைத்தால் அணைத்த நிலையில் மட்டும் திருப்புங்கள். கேதோடிலும் தனிச் சுற்று வைத்திருக்கும் குவாட் 2 போன்ற வடிவங்களில் இது இவ்வளவு நேரான வேலை அல்ல, விட்டுவிடுங்கள். மற்றவற்றில் திறன் ஏறத்தாழப் பாதியாகும். 10 வாட் இஎல்84 ஆம்ப்ளிஃபையர் 5 வாட் தரும். 88 டெசிபெல் (1 வாட்டுக்கு, ஒரு மீட்டரில்) ஸ்பீக்கரில் 5 வாட் என்பது ஒரு மீட்டரில் 95 டெசிபெல், 93 டெசிபெல் ஸ்பீக்கரில் 100. முதலாவதில் வாத்தியக் குழு உச்சத்தைத் தொடும்போது ஒலி இறுகும். இரண்டாவதில் டிரையோடின் மென்மை முழுவதும் அனுபவிக்கக் கிடைக்கும். ஆகவே இது ஆம்ப்ளிஃபையரைப் பற்றிய முடிவே அல்ல, ஸ்பீக்கரைப் பற்றியது.

ஃபீட்பேக்கைக் குறைப்பது பற்றிய பேச்சில் ஒரு தெளிவு தேவை. ஃபீட்பேக் ரெசிஸ்டரை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபெல் குறையும். கூடவே ஹம்மும் இரைச்சலும் 6 டெசிபெல் ஏறும், வெளியீட்டுத் தடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். 0.5 ஓம் இருந்தது 1 ஓம் ஆனது என்று வையுங்கள். 4 ஓமுக்கும் 20 ஓமுக்கும் நடுவே ஏறி இறங்கும் ஸ்பீக்கரில், அலைவெண்ணுக்கு அலைவெண் ஒலி அளவில் வரும் வித்தியாசம் 0.8 டெசிபெல்லிலிருந்து 1.5 ஆகிறது. "திறந்த ஒலி", "உயிருள்ள பாஸ்" என்று வர்ணிக்கப்படுவதில் பெரும்பங்கு இந்த டோன் மாற்றம்தான். அது உங்கள் ஸ்பீக்கரோடு இனிமையாகவும் பொருந்தலாம், கெடுக்கவும் செய்யலாம். செய்து பார்ப்பதானால், ஃபீட்பேக் ரெசிஸ்டருக்குக் குறுக்கே உள்ள சிறு கெப்பாசிட்டரைப் பாதியாக்க மறக்காதீர்கள். பிறகு 10 கிலோ ஹெர்ட்ஸ் சதுர அலையை 8 ஓமிலும், அதோடு 0.1 மைக்ரோ ஃபாரட் இணைத்தும் ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். ஓரத்தில் இரண்டு மூன்று அலைகளுக்கு மேல் நடுங்கினால் திரும்பிப் போங்கள். ஆஸிலோஸ்கோப் இல்லாதவர்கள் ஃபீட்பேக்கைத் தொடாமலிருப்பதே நல்லது. காதுக்கு எட்டாத அலைவெண்ணில் அலையும் ஆம்ப்ளிஃபையர் டுவீட்டரை எரித்த பிறகுதான் அடையாளம் காட்டும்.

வால்வு ரெக்டிஃபையரை எடுத்துவிட்டுச் சிலிக்கானை மட்டும் வைப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. எஸ்டி-70இன் சுற்று 360-0-360 வோல்ட், அதன் உச்சம் 509. சிலிக்கான் சுவிட்ச் போட்ட கணமே அதைக் கொடுக்கும், வால்வுகளோ இன்னும் சூடாகவில்லை, சுமை இல்லை. சுமையில்லாதபோது சுற்றின் மின்னழுத்தமும் கூடுவதால் 525 வோல்ட் கெப்பாசிட்டர் எல்லையைத் தாண்டும். சூடான பிறகும் ஜிஇசட்34ஐ விட 15, 20 வோல்ட் கூடுதலாக நிற்கும், பயாஸ் முழுவதும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஈடாகக் கிடைப்பது கொஞ்சம் இறுக்கமான பாஸ். அதைச் சோக்குக்கு அப்பால் கெப்பாசிட்டரைக் கூட்டியே பெறலாம்.

இஎல்84 ஆம்ப்ளிஃபையரைக் கேதோடு பயாஸிலிருந்து நிலையான பயாஸுக்கு மாற்றுவதும் அதே ரகம். அந்த வால்வின் கிரிட் ரெசிஸ்டர் கேதோடு பயாஸில் 1 மெகா ஓம் வரை போகலாம், நிலையான பயாஸில் 300 கிலோ ஓம்தான் எல்லை. இருக்கும் 470ஐ 220 ஆக்கினால் ஃபேஸ் ஸ்ப்ளிட்டருக்குச் சுமை கூடும், கீழ்வெட்டு இரட்டிப்பாகும். புதிய சப்ளையும் வேண்டும். இவ்வளவுக்கும் ஒன்றிரண்டு டெசிபெல்லுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. எல்எம்317 என்ற சீராக்கி ஐசியும் 33 ஓமும் வைத்துக் கேதோடு மின்னோட்டத்தை 38 மில்லி ஆம்பியரில் பூட்டும் யோசனை மெல்லிய ஒலியில் அழகாக வேலைசெய்யும். ஆனால் ஏபி வகுப்பில் (உரத்த ஒலியில் ஜோடி வால்வுகள் மாறி மாறி வேலைசெய்யும் முறை) உரத்த ஒலியின்போது சராசரி மின்னோட்டம் ஏறியாக வேண்டும். பூட்டிவைத்தால் கேதோடு மின்னழுத்தம் தவழ்ந்து ஏறி, வால்வின் ஓய்வு மின்னோட்டம் குறைந்து, உச்சங்களுக்குப் பிறகு ஒலி கரகரக்கும்.

டிரைவர் போர்டு மாற்றம் மட்டும் சில ஆம்ப்ளிஃபையர்களில் நியாயமானது, காரணமும் ஒலி அல்ல. எஸ்டி-70இன் 7199 வால்வை அதன் அசல் தயாரிப்பாளர்கள் நிறுத்தி வெகு காலமாகிவிட்டது. மாற்றாகச் சொல்லப்படும் 6ஜிஎச்8ஏ வால்வு பின் அமைப்பில் வேறு என்பதால் அடாப்டர் இல்லாமல் பொருந்தாது. அசல் போர்டு பல இடங்களில் கருகி, செம்புப் பட்டைகள் உரிந்திருக்கும். எளிதாகக் கிடைக்கும் இரட்டை டிரையோடுகளில் கட்டிய புதிய போர்டு அங்கே சரியான தேர்வு. போர்டு நல்ல நிலையில், கையில் நல்ல 7199 ஜோடியும் இருந்தால் அவசரமே இல்லை.

எந்த ஆம்ப்ளிஃபையருக்கு எது

யாரும் கைவைக்காத, பெயர் பெற்ற மாடல் என்றால் முதல் வழியோடு நிறுத்தி, இன்புட்டில் ரெசிஸ்டர் மட்டும் சேருங்கள். சேஸிஸில் புதிய துளை போடாதீர்கள், கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பெயரெழுதிப் பையில் வைத்திருங்கள். முன்பே பலர் தோண்டிய ஆம்ப்ளிஃபையர், டிரான்ஸ்ஃபார்மர்கள் மட்டும் நலம் என்றால் மூன்றாவது வழிக்கு அதுதான் ஏற்றது, இழக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கும் முதலில் சர்க்யூட் வரைபடத்தோடு ஒப்பிட்டு அசலுக்குக் கொண்டுவந்து, அளந்த பிறகு மாற்றத்தில் இறங்குங்கள். அன்றாடம் மணிக்கணக்கில் கேட்கப் போகும் நல்ல நிலை ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டாவது வழி முழுவதும் பொருந்தும். ஹீட்டர் மின்னழுத்தம், தனித்தனி பயாஸ், தொடர் டயோடு மூன்றும் முதலில்.

எந்த வழியானாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டீரியோவே ஒரு வசதி தருகிறது. மாற்றத்தை ஒரு சேனலில் மட்டும் செய்யுங்கள். இரண்டு இன்புட்டுக்கும் ஒரே மோனோ சிக்னலைக் கொடுத்து, 1 கிலோ ஹெர்ட்ஸில் இரண்டு ஸ்பீக்கர் முனைகளிலும் ஏசி வோல்ட் ஒன்றேயாகும்படி பேலன்ஸைத் திருப்பி, 0.2 டெசிபெல்லுக்குள், அதாவது 2 வோல்ட்டுக்கு 0.05க்குள் கொண்டுவாருங்கள். இந்த வேலையைச் செய்யாமல் கேட்டால் சற்று உரத்த சேனல்தான் எப்போதும் "மேம்பட்டதாக" ஒலிக்கும். பிறகு ஒரே ஸ்பீக்கரை இரண்டு சேனல்களுக்கும் மாற்றி மாற்றி இணைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, காத்திருக்கும் சேனலில் 8 ஓம் லோடு போட்டு வையுங்கள். இரண்டு நாள் கேட்டும் எது எதுவென்று சொல்ல முடியாவிட்டால் அந்த மாற்றத்தை மறு சேனலில் செய்யாமல், செய்ததையும் கழற்றிவிடலாம்.